பாதியில் விளம்பரம் வந்த சிவபுராணம்

போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் கீழே கூடாரம் போட்டு உடலை வைத்திருந்தோம். தேவாரக் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு பட்டர்வொர்த்தில் இன்னொரு வீடு, வர நேரமாகும் என்றார்கள். சரி, அதுவரைக்கும் என்று தம்பி தன் கைப்பேசியை ஸ்பீக்கரில் இணைத்து யூடியூபில் திருவாசகத்துச் சிவபுராணத்தைப் போட்டுவிட்டு, மாலை வாங்க மோட்டாரில் போய்விட்டான்.

'வாழ்க' வரிகள் முடிந்தன, 'வெல்க' வரிகள் முடிந்தன. 'போற்றி' தொடங்கியதும் பாட்டு நின்றது. ஒரு பெண் படு உற்சாகமாக மலாயில் வறுத்த கோழி விற்க ஆரம்பித்தாள். காரம் வேண்டுமா, காரமில்லாதது வேண்டுமா என்று கேட்டாள். மாமா ஒருவர் பதறி எழுந்துபோய் எதையோ அழுத்தினார். திரை அணைந்தது. அதைத் திறக்கும் எண் தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

கூடாரத்தில் ஒரு நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் கடைசியில் தொடங்கினார். அழுது அழுது கட்டிய தொண்டை. இரண்டு வரி போனதும் பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், ஆளுக்கொரு சுருதியில். புல், பூடு, புழு, மரம் என்று பிறவிகள் வரிசையாக வரும் இடத்தில் யாரோ மரத்திலிருந்து நேராகக் கல்லுக்குத் தாவிவிட்டார்கள். அவ்வளவுதான், எல்லாரும் நின்றுவிட்டோம். தேவாரக் குழு வருகிறவரை அப்புறம் பேச்சு மட்டும்தான்.

என் மகள் என் பக்கத்தில்தான் இருந்தாள். பதினாறு வயது. பியானோவில் ஐந்தாவது கிரேடு முடித்தவள், அதுவும் மெரிட். பெரியம்மா தனியாகப் பாடியபோது வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதனால் அன்று இரவு தூக்கம் வராமல் போட்டதும் கணக்குதான். ஏழு வயதில் தொடங்கி ஒன்பது வருஷம், வாரம் ஒரு வகுப்பு, அதோடு தேர்வுக் கட்டணம், புத்தகம், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவருக்குக் கூலி. எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) பக்கத்தில் வந்தது. எதற்காக இதைச் செலவு செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

முன்பெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தேன். பாட்டுப் படித்தால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும் என்பது. எங்கள் அலுவலகத்தில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் அக்காமார் எல்லாரும் சொல்வதும் இதைத்தான். இந்தப் பேச்சுக்குப் பெரிதும் தீனி போட்டது 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த சின்ன ஆய்வு. கல்லூரி மாணவர்கள் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கிற மாதிரியான கேள்விகளுக்குக் கொஞ்சம் நன்றாக விடை சொன்னார்கள். அந்த விளைவு கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதில் குழந்தைகள் இல்லை, யாரும் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை, கேட்டதோடு சரி. அதை நம்பியா மாதாமாதம் பணம் கட்டினோம்! கணக்கு வரவேண்டுமென்றால் கணக்கு டியூஷனுக்கு அனுப்பலாம், அதுதான் மலிவு.

அடுத்த பதில் சான்றிதழ். ஏபிஆர்எஸ்எம் என்பது லண்டனில் 1889-இல் தொடங்கிய தேர்வு வாரியம். இங்கே பியானோ படிக்கும் பிள்ளைகள் பலர் அதன் எட்டு கிரேடுகளில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண்: மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேல் என்கிற சுர வரிசைக்கு 21, பார்த்தவுடன் வாசிக்க 21, காதுக்கு 18. அந்தப் பதினெட்டில்தான் தேர்வாளர் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பிப் பாடுவதெல்லாம் வரும். 100 எடுத்தால் பாஸ், 120 மெரிட். 2020-இல் இன்னொரு வகைத் தேர்வும் வந்தது. நான்கு பாட்டை வாசித்து வீடியோ எடுத்து அனுப்பினால் போதும், காதுத் தேர்வு கிடையாது.

மகளுக்குப் பாடுவதென்றால் சின்ன வயதிலிருந்தே வெட்கம். "பாடாமல் முடிச்சிடலாம்மா, வீடியோ போதும்" என்று அவளிடம் சொன்னது நான்தான். டீச்சர், சீன அம்மா, ரொம்பப் பொறுமைசாலி, அவருக்குக்கூட அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாடாவிட்டால் காது வளராது என்றார். நான் மெரிட்டைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தையும் குறை சொல்ல மனம் வரவில்லை. 1983-இல் கேபிஎஸ்ஆர் என்கிற புதிய பாடத்திட்டம் வந்தபோதே தொடக்கப்பள்ளியில் இசையை ஒரு பாடமாக வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் பிள்ளை நான். கிரீம் நிற ரெக்கார்டரை ஊதியிருக்கிறேன், எச்சில் வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஆனால் பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது அந்த வகுப்புதான். எங்கள் டீச்சர் அந்த நேரத்தில் கணக்குப் பாடம் எடுப்பார். நாங்களும் கேள்வி கேட்டதில்லை.

இப்போது கைப்பேசியிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் மெட்டுப் போட்டுப் பாடிக் காட்டிவிடுகிறது. தம்பி அதில் பெரியப்பா பெயரில்கூட ஒரு பாட்டு செய்து குடும்பக் குழுவில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. இனி இசைக்கு வகுப்பு எதற்கு என்று அதன் கீழே ஒரு மாமா எழுதியிருந்தார். எனக்குக் கூடாரம்தான் ஞாபகம் வந்தது. பாட்டுக்கு அங்கே என்ன பஞ்சம்? உலகத்தில் உள்ள அத்தனை பாட்டும் ஸ்பீக்கரில் இருந்தது. தொடங்கவும், தொடங்கியவரோடு சேர்ந்து சுருதி பிசகாமல் கடைசிவரை போகவும்தான் ஆள் இல்லை. என் பதினைந்தாயிரம் வெள்ளியில் இதற்கென்று ஒரு வெள்ளிகூடப் போகவில்லை.

காடாற்றி வந்த மறுநாள் இரவு மகள் பியானோ முன்னால் உட்கார்ந்து, பெரியம்மா பாடியதை ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். அகப்படவில்லை. என்னைப் பாடச் சொன்னாள். திருவாசகத்தை ஓதுவார்கள் மோகனத்தில் பாடுவது வழக்கம் என்பது எனக்குக் கேள்வி ஞானம். ச ரி க ப த, ஐந்தே சுரம். அதைச் சொன்னதும் இரண்டு நிமிஷம் தடவினாள். பிறகு "அம்மா, இங்க பாருங்க" என்றாள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை 'ச' என்று வைத்தால், மூன்று கறுப்பு, அடுத்து இரண்டு கறுப்பு, மோகனம் முடிந்தது. வெள்ளைக் கட்டையே தொட வேண்டாம். நம் கணக்கில் அது நாலரைக் கட்டைச் சுருதி. "டீச்சர் வாசிக்கிற சீனப் பாட்டும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் பியானோவைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து வரி. மொத்தம் 95 வரி. முதல் இரண்டு நாள் அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். மூன்றாம் நாள் என் 'த' இறங்குகிறது என்று நிறுத்தினாள், திருத்தினாள், பொறுமையிழந்து தானே பாடிக் காட்டினாள். பிறவிகள் வரும் இடத்தை மட்டும் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பதினாறாம் நாள் பெரியம்மா வீட்டில் தேவாரக் குழு முடித்ததும் நாங்கள் பாடினோம். நான், மகள், தங்கை பிள்ளைகள் இரண்டு பேர், பிறகு பெரியம்மாவும். மகள் கைப்பேசியில் நாலரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். எங்கும் நிற்கவில்லை. மரமும் கல்லும் அததன் இடத்தில் வந்தன. முடிந்ததும் அவள் மறுபடி கைப்பேசியை எடுத்துத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நாலரையில் தொடங்கியவர்கள் மூன்றில் வந்து முடித்திருக்கிறோம்.

"என்ன கண்ணு, தப்பா பாடிட்டோமா?" என்று பெரியம்மா கேட்டார்.

"இல்ல பாட்டி, கொஞ்சம் கீழ இறங்கிட்டோம்."

"அது சரி" என்றார் பெரியம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டே. "உங்க தாத்தாவும் அங்கதான் போய் முடிப்பாரு."