ஊசிமூக்கு கடைசியில் அணுவை விட்டது

நேற்று மாலை ஊசிமூக்குப் பொம்மை ஓர் அணுவை இழுத்துக்கொண்டு போய், சொன்ன இடத்தில் விட்டுவிட்டு, வெறும் மூக்கோடு திரும்பி வந்தது. ஆறு வாரமாக இந்த ஒரு காட்சிக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

1989-ல் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் டான் ஐக்லர் என்ற விஞ்ஞானி 35 செனான் அணுக்களை நிக்கல் பரப்பின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தி, 'IBM' என்ற மூன்றெழுத்தை எழுதினார். அதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. மேசைமேல் ஆட்டும் கோல்பாவை. அதன் நீண்ட மூக்குதான் ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்பின் ஊசிமுனை; பரப்பைக் கூர் ஊசியால் அணு அணுவாக அறியும் இந்தக் கருவியால்தான் ஐக்லர் அணுக்களை நகர்த்தினார். மூக்கு நுனிக்குள் சின்ன நியோடிமியம் காந்தம். தெர்மகோல் உருண்டைகள் அணுக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்பு வாஷர்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் உருண்டை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் விடவே விடாது. உதறிப் பார்த்தேன், காந்தத்தை உள்ளே இழுக்க நூல் கட்டிப் பார்த்தேன். நூல் இரண்டே ஆட்டத்தில் அறுந்தது. உருண்டைக்கு அடியில் கனம் வைத்தேன். ஒட்டாமல் நின்றது, ஆனால் அது பொய். அணுவைப் பரப்பில் பிடித்து வைப்பது அதன் எடை இல்லை, பரப்பின் ஈர்ப்பு. நானோ உலகில் எடைக்கு வேலையே கிடையாது. அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஐக்லரின் முறையைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. அவர் அணுவைத் தூக்கவே இல்லை. ஊசியைச் சற்று இறக்கி, அணுவைப் பரப்போடு இழுத்துப் போய், ஊசியை மட்டும் உயர்த்தியிருக்கிறார். பரப்பும் ஊசியும் ஒரே அணுவை இழுக்கின்றன, பரப்பின் பிடி ஒரு பிடி கூடுதல்.

சரி, பரப்பையும் காந்தமாக்கினேன். பலகையில் காந்த ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதே ஷீட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒவ்வோர் உருண்டையின் அடியிலும் ஒட்டினேன். மூக்கு நுனிக்கு 3 மில்லிமீட்டர் ஃபெல்ட் உறை. 2 மில்லிமீட்டரில் தூக்கிவிடுகிறது, 5-ல் அசையவே இல்லை. இந்த ஷீட்டில் வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருப்பதால், குறுக்கே இழுத்தால் உருண்டை டக் டக்கென்று படிப்படியாகத் தாவுகிறது. நான் திட்டமிடாமல் கிடைத்த பரிசு இது! உண்மை அணுவும் பரப்பின் பள்ளத்துக்குப் பள்ளம் தாவித்தான் நகரும்.

இதைச் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். நியோடிமியத்தை ரப்பர் ஷீட்டில் நேராகப் பட விடாதீர்கள். அந்தக் கோடுகளை அழித்துவிடும், எனக்கு ஒரு ஷீட் அப்படிப் போனது. இன்னொன்று, காந்தத்தை மூக்குக்குள் பசை ஊற்றி மூடிவிடுங்கள். சிறு காந்தங்களைக் குழந்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும். வாஷர் வாங்கும்போது கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். சில வகை எவர்சில்வர் வாஷர் ஒட்டுவதே இல்லை.

அளவைச் சொல்ல ஒரு வசனம் எழுதியிருக்கிறேன். செனான் அணு சுமார் 0.4 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), என் உருண்டை 4 சென்டிமீட்டர். அதாவது பத்துக் கோடி மடங்கு. ஊசிமூக்கு கேட்கும்: "என் உலகத்தில் உன் தலைமுடி ஒன்று எவ்வளவு தடிமன் தெரியுமா? எட்டு கிலோமீட்டர்!" ஒத்திகையில் பக்கத்து வீட்டுச் சிறுமி உடனே தன் முடியைப் பிடித்துப் பார்த்தாள்.

அடுத்து பல்லிக் கால் பாவை. சுவரில் ஒட்டும் அந்த நுண்மயிர்களுக்குப் பழைய பிரஷ் இழைகளை எடுத்து வைத்திருக்கிறேன். தங்கம் நானோ துகளானால் சிவக்கும் என்பதற்கும் ஒரு நிழல்காட்சி மனதில் ஓடுகிறது. ஆனால் 35 உருண்டையில் 11தான் தயார். அதை வைத்து நேற்று 'ட' எழுதினோம். 'அ' எழுத வேண்டும் என்கிறாள் சிறுமி. வளைவில் உருண்டைகள் கோட்டை விட்டு நழுவுகின்றன, அதை இன்று இரவு பார்க்க வேண்டும்.