மஞ்சளாகவே நின்ற குழிகள்

பாக்டீரியாவின் செல்சுவர்க் கட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும் முரா (MurA) நொதியின் சோதனைத் தட்டில், பாஸ்பேட்டைக் காட்டும் மாலகைட் பச்சைச் சாயத்தை ஊற்றிய பின், அந்த நொதியைத் தடுக்க நாங்கள் வடிவமைத்த சேர்மம் இருந்த குழிகள் மட்டும் மஞ்சளாகவே நின்றன. நொதி ஓடியிருந்தால் பாஸ்பேட் வெளியேறி, பச்சை படர்ந்திருக்கும். அருகில் நின்ற இளைய ஆய்வாளர், "பஃபரில் டைதயோத்ரெய்டால் சேர்த்து ஒரு தட்டு போட்டுப் பார்த்துவிடட்டுமா, சார்?" என்று கேட்டார். "இப்போது வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டைதயோத்ரெய்டால் ஒரு தயோல், அதாவது கந்தக-ஹைட்ரஜன் முனை கொண்ட மூலக்கூறு; சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலும் அதே முனைதான் இருக்கிறது. எ. கோலை (E. coli) பாக்டீரியாவின் முராவில் 115-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனைப் பற்றிக்கொள்வதற்கென்றே வடிவமைத்த சேர்மத்தைத் தயோல் நிறைந்த கரைசலில் விட்டால், அது இலக்கைச் சேருமுன்பே அந்தத் தயோலோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். பாஸ்போமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதே சிஸ்டீனோடு பிணைந்துதான் செல்சுவர்க் கட்டுமானத்தைத் தொடக்கத்திலேயே முடக்குகிறது. பெனிசிலினும் தன் இலக்குப் புரதத்தின் செரீனோடு சகப்பிணைப்பில்தான் ஒட்டுகிறது. எனவே வினைபுரியும் தன்மையை மட்டுமே குறையாகச் சொல்ல முடியாது என்ற வாதத்தை இன்றும் நான் விட்டுவிடவில்லை.

ஆனால் பாஸ்போமைசின் கண்ட தயோலோடெல்லாம் சட்டென்று ஒட்டுவதில்லை. செல்லுக்குள் இருக்கும் தயோலான குளூட்டாதயோனை அதில் ஏற்றி முறியடிக்க, எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியங்களுக்கு ஃபாஸ்-ஏ என்ற தனி நொதியே தேவைப்படுகிறது. எ. கோலையின் உள்ளே குளூட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருப்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த இளைய ஆய்வாளர் கேட்டது பஃபரைப் பற்றியல்ல, செல்லின் உட்புறத்தைப் பற்றி. தெரிந்த இரண்டையும் அன்று ஏன் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் விடையில்லை. அந்த மஞ்சள் நிறம் பிடித்துப்போயிருந்தது என்பதைத் தவிர.

நான்கு மாதங்களும் பத்தொன்பது ஒப்புச் சேர்மங்களும் போயின. சேர்மத்தை மில்லிலிட்டருக்கு 128 மைக்ரோகிராம் கொடுத்தும் பாக்டீரியா கலங்கலாக வளர்ந்து நின்றது. வெளிச்சவ்வையும் வெளியேற்றும் பம்புகளையும் பழித்தேன். அந்தப் பம்புகளின் வெளிவாயிலுக்கான டோல்-சி (tolC) மரபணுவை நீக்கிய திரிபிலும் அதே கலங்கல். பிறகுதான் டைதயோத்ரெய்டால் தட்டைப் போடச் சொன்னேன். எல்லாக் குழிகளும் பச்சையாயின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நான் மறுத்து வாதாடியிருப்பேன், அது எனக்குச் சுலபமாகவும் இருந்திருக்கும்.

முதல் நாளே செய்திருந்தாலும் சேர்மத்தைக் கைவிட்டிருப்பேனா என்று நிச்சயமில்லை; வினைத்திறனைச் சற்றுக் குறைத்துப் பார்ப்போம் என்று அதே பத்தொன்பதையும் செய்யச் சொல்லியிருக்கவும் கூடும். அறிக்கையில் "தயோல் சோதனை மேற்கொள்ளப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். அதை முதலில் யார் கேட்டார், எப்போது கேட்டார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.