பாதி சிவந்த உள்ளான்

பினாங்கில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வெயில், மழை, இரண்டும் கலந்த பிற்பகல், அவ்வளவுதான். ஆனாலும் ஏப்ரலில் சில வாரம் வசந்தம் இந்தப் பக்கமாக வந்து போகிறது. பார்க்க வேண்டுமானால் சேற்றுக்கரைக்குப் போக வேண்டும்.

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகனைப் பின்னால் உட்காரவைத்து, மோட்டாரோடு ஃபெர்ரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே தெலுக் ஆயிர் தாவார். அங்கிருந்து கோலா மூடா வரை நீளும் கரையைப் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு முக்கியப் பறவைத் தலமாகப் பட்டியலிட்டிருக்கிறது. எதிரே கடலுக்கு அப்பால் எங்கள் தீவு, நீளமாகப் படுத்துக் கிடந்தது.

காற்றென்றால் அப்படி ஒரு காற்று. தலைக்கவசத்தைக் கழற்றியதும் பையனின் தொப்பி அலையாத்தி வேர்களுக்குள் பறந்துபோய் விழுந்தது. மேகம் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் மாலையில் மேற்கே பார்த்த இந்தக் கரையில் எதிர்வெயில் பட்டு எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் கிளம்பியிருந்தேன். நீர் வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் தொலைவில் வெறும் புள்ளிகள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், அவையே நம்மை நோக்கி நடந்து வரும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருப்பது. முதல் தடவை வந்தபோது எனக்கு இது தெரியாது. படம் பிடிக்கும் ஆசையில் சேற்றில் இறங்கி நடந்தேன். மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்து போய்விட்டது. அன்று அவற்றின் வயிற்றில் அடித்தேன் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

முதலில் சின்னக் கோட்டான்கள் (ஆந்தை இல்லை, கரைப்பறவை), வளைந்த அலகும் விட்டுவிட்டு அடிக்கும் விசிலுமாக. அப்புறம் பவளக்காலிகள், உப்புக்கொத்திகள். என் அப்பாவுக்கு இவை எல்லாமே கொக்குதான். பெயர் தெரிந்த பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் படத் தொடங்கியது.

"அத்தை, அந்தக் குருவிக்கு மட்டும் ஏன் பாதிச் சட்டை சிவப்பு?"

இருபதடி தூரத்தில் ஒரு வளைமூக்கு உள்ளான். பைனாகுலரில் அதன் மார்பு முழுதாகத் தெரிந்தது. குளிர்காலச் சாம்பல் இறகுக்கு நடுவே செங்கல் நிற இறகுகள் திட்டுத்திட்டாக முளைத்திருந்தன. கழுத்தில் நிறைய, வயிற்றில் கொஞ்சம். அலகை மூக்கடி வரை சேற்றில் செருகி, தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக்கொண்டே நடந்தது. ஒரு புழுவை இழுத்தது. புழு நீண்டுகொண்டே வந்தது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அது கல்யாணத்துக்குப் போகிற உடுப்பு என்று சொன்னேன். சைபீரியாவின் வடகோடியில் பனி உருகும்போது அது அங்கே இருக்க வேண்டும். நமக்கு வராத வசந்தம் அதன் உடம்பில் ஒவ்வோர் இறகாக ஏறுகிறது, அதுவும் நம் ஊர்ச் சேற்றைத் தின்று.

ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ள உடம்பு அது. கிளம்பும் முன் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். மூக்கன் போன்ற நெடுந்தூரப் பறவைகளுக்குப் பறக்கும் தசை பெருத்து, குடலும் இரைப்பையும் சிறுத்துவிடும். வழியில் சாப்பாடு இல்லையே. 2022-இல் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று எங்கும் இறங்காமல் 11 நாளில் டாஸ்மேனியா சேர்ந்தது. 13,560 கிலோமீட்டர்! அதுவும் நம் உள்ளான் வலசை போகும் இதே கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வான்தடத்துப் பறவைதான். இந்தத் தடத்தில் ஒரு சேற்றுக்கரை போனாலும் கணக்கு தப்பிவிடும். தென்கொரியாவின் சேமங்கும் முகத்துவாரத்தை 2006-இல் 33 கிலோமீட்டர் நீள அணை கட்டி அடைத்தபோது, அங்கே தங்கி இரை தேடிய கிரேட் நாட் என்னும் உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் இல்லாமல் போயின. வேறு இடத்துக்குப் போயிருக்கும் என்று தேற்றிக்கொள்ள ஆய்வுகள் இடம் தரவில்லை.

தெலுக் ஆயிர் தாவாரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சேறு என்றாலே தூர்க்க வேண்டிய இடம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம்.

ஆறரை மணிக்குச் சேறு முழுக்க முழுகியது. பறவைகள் கரையோரத்தில் நெருக்கியடித்து, காற்றை எதிர்த்துத் தலையைத் திருப்பி நின்றன. கொஞ்ச நேரத்தில் முப்பது நாற்பது மட்டும் பிரிந்து எழுந்தன. வழக்கம்போல் வட்டமடித்துத் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. கூப்பிட்டுக்கொண்டே மேலேறி, ஒரு கோணலான கோடாகச் சேர்ந்து, ஜெராய் மலை இருக்கும் வடதிசையில் போயின.

"நம்ம குருவி அதுல இருக்கா அத்தை?"

கரையில் மிச்சமிருந்தவற்றைப் பைனாகுலரால் ஒரு முறை தேடினேன். பாதி சிவந்தது இன்னும் அங்கேதான் நின்றது, ஒற்றைக் காலில். "இன்னும் சாப்பாடு பத்தலை போல" என்றான். அடுத்த சனிக்கிழமையும் வருவதாக அவனிடம் சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடப் போனேன்.