ஸ்பிட்ஃபயருக்கு ஒரு கமான் பட்டை

என்னிடம் இருப்பது 1968-ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தயாரிப்பு. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரங்களின் தலையும் உள்பக்கம் சாய்ந்திருக்கும். கமான் பட்டை, அதாவது வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், தளர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்தக் காரின் பின்பக்கத்துக்கு ஒரே கமான்தான். இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மேல் குறுக்காகப் படுத்து இரு முனைகளிலும் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டுக்கு உள்முனையில் மட்டும் மூட்டு. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வளைவில் வேகமாகப் போகையில் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். பட்டையின் உயரத்தில் நான் கறாராக இருப்பது இதனால்தான்.

பழைய உதிரிபாகம் கிடைப்பதே பெரிது என்பார்கள். ஸ்பிட்ஃபயருக்கு அந்தக் கவலை இல்லை. புதுப் பட்டை இன்றும் விற்பனைக்கு வருகிறது. அளவுதான் சிக்கல். ஒரு கடையிலிருந்து வந்த புதுப் பட்டையைப் பூட்டியதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஓடினால் தானாக இறங்கும் என்றார்கள். பல வாரம் ஓட்டியும் இறங்கவில்லை. கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, பர்மிங்காம் பக்கம் லாரிகளுக்குக் கமான் கட்டும் பட்டறைக்குப் பழைய பட்டையையே கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் தகடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டு, விரிசல் உண்டா என்று விளக்கொளியில் பார்த்தார். பிறகு சூடேற்றி, வளைவு கொடுத்து, பதம் போட்டுத் தந்தார். தகடுகளின் நுனியில் இருக்கும் பொத்தான்கள் மட்டும் புதியவை. இப்போது கார் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்கிறது.

அந்தப் பட்டறையின் கரிவாசனை எனக்குப் பழக்கமானது. ஸ்பிட்ஃபயரின் மூத்த உறவான ஹெரால்டை ஸ்டாண்டர்ட் நிறுவனம் சென்னையில் 1961 முதல் தயாரித்தது. திருச்சியில் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. அதற்கும் இதே குறுக்குக் கமான்தான். குடும்பமே ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரங்கள் காலைப் பரப்பிக்கொள்ளும். கமானைச் சரிசெய்யப் பாலக்கரையில் ஒரு பட்டறைக்கு அடிக்கடி போவோம். ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் வந்த கெஸல் காருக்கு அந்த நிறுவனமே, இரு பின்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் சாதாரண நேர் அச்சைப் பொருத்திவிட்டது.

பட்டையைவிடத் தேட வைத்தது ஆக்சில் ஷாஃப்ட். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் உள்பக்கத்தில், ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங் நேராக ஷாஃப்டின் மேலேயே உருள்கிறது. அந்த இடம் தேய்ந்துவிட்டால் புது பேரிங் போட்டும் பயனில்லை. பழைய ஷாஃப்டை வாங்குவோர் கிரீஸைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1973-இல் பின்சக்கர இடைவெளியைச் சுமார் 2 அங்குலம் கூட்டினார்கள். அதற்குப் பிந்தைய ஷாஃப்ட் நீளமானது. விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பாமல் டேப்பை வைத்து அளப்பதே நல்லது. எனக்குச் சரியான ஜோடி, செப்டம்பரில் பியூலி கிராமத்தில் கூடும் பழைய உதிரிபாகச் சந்தையில், துருப்பிடித்த பம்பர்களுக்கு அடியில் கிடைத்தது.

1970-இல் வந்த அடுத்த ஸ்பிட்ஃபயரான மார்க் 4-இன் பட்டையை மாற்றிப் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். அதில் ஒரு தகட்டை மட்டும் இறுக்கி, மற்றவற்றை ஊசலாட விட்டிருக்கிறார்கள். சக்கரம் மடங்குவது வெகுவாகக் குறைகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் கம்பியையும் தடிமனாக்க வேண்டும். என் கார் 1968-இல் எப்படி ஓடியதோ அப்படியே ஓட வேண்டும் என்பது என் ஆசை.

பூட்டுகிறவர்களுக்கு ஒன்று: மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகளான புஷ்களின் போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். சக்கரத்தில் பாரம் இறங்கிய பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.