14 வருஷ வேலைக்கு என்ன பெயர்

ஜூலை 8, 2025, செவ்வாய்

நேற்று ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம், பினாங்கில் விடுமுறை. இன்று காலை சிஃப்ட் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மேலே கூப்பிட்டார்கள். ஹெச்ஆர் அதிகாரி ஒரு தண்ணீர் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்றார். எனக்கு விளங்கியது 'போகலாம்' என்பது மட்டும்தான். சரி என்று எழுந்துவிட்டேன். பக்கத்து மெஷின் பிள்ளையிடம் என் மெஷினையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், அந்த அவசரம் எனக்கு. உட்காரச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தார். அதில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்று இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அந்த முதல் வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. நாம் 'வேலை நிப்பாட்டிட்டாங்க' என்போம். யாரோ நிறுத்தினார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. 'லெட் யூ கோ' என்றால், நான் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரியும், அவர்கள் மனமிரங்கி அனுப்பிவிட்ட மாதிரியும் ஆகிவிடுகிறது. நான் கேட்கவே இல்லை.

ஜூலை 9, புதன்

அண்ணன் மகள் ராத்திரியே போன் செய்தாள். "அத்தை, எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா? ரிசைன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" இல்லை என்றதும் அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ரிசைன் என்றால் நாமாக விலகுவது. ரிட்ரெஞ்ச் என்றால் ஆள்குறைப்பு. இதையே அமெரிக்கர்கள் லே ஆஃப் என்கிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ரிடண்டன்ட் என்கிறார்கள். எந்தச் சொல் கடிதத்தில் ஏறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் பணம். 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆள்குறைப்பில் அனுப்பினால் 8 வார நோட்டீஸ், வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். எனக்கு 14 வருஷம், அதாவது 280 நாள். அதோடு மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதியில் 60 நாளுக்குள் மனு செய்தால், வேலை தேடும் காலத்துக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. தானாக விலகியவருக்கு இந்தக் காப்புறுதிப் பணம் கிடையாது.

பக்கத்து லைன் தங்கச்சியிடம், ரிசைன் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலைக்குப் போகும்போது அழகாக இருக்கும் என்று சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார்கள். 9 வருஷம் வேலை செய்தவள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணன் மகள் லேப்டாப்போடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ரெசுமேயில் வேலை என்ற இடத்தில் ஒரே வரிதான்: ஆபரேட்டர், 14 வருஷம்.

"இது வேலையோட பேரு அத்தை. நீங்க என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். சிப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற உலோகக் கால் வரைக்கும் தங்கக் கம்பி இழுக்கிற மெஷின் என்னுடையது. கம்பி 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. நுனியில் ஒரு சின்ன உருண்டை உருகி உட்காரும். கம்பியை ஓட்டுகிற கேப்பிலரி தேய ஆரம்பித்தால் அந்த உருண்டை கோணலாக விழும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சப்பையாக இருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் விட்டுவிட்டால் சிஃப்ட் முடிவதற்குள் கம்பிகள் பிய்ந்து வர ஆரம்பித்துவிடும். டெக்னீஷியன் வருவதற்கு முன்னால் நானே மெஷினை நிறுத்தி, எதனால் என்று பார்த்து எழுதி வைப்பேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் நான்தான் பழக்குவேன்.

அவள் டைப் செய்துகொண்டே போனாள். கோணலைக் கண்டுபிடித்தது டிஃபெக்ட் டிடெக்‌ஷன். ஏன் என்று பார்த்தது ட்ரபிள்ஷூட்டிங். பிள்ளைகளைப் பழக்கியது ட்ரெயினிங். இதைப் பேச்சில் 'ஷோ த ரோப்ஸ்' என்பார்களாம். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிற்றை இழுத்தால் எந்தப் பாய் அசையும் என்று புது ஆளுக்குக் காட்டிக்கொடுத்ததிலிருந்து வந்ததாம். அந்தக் கயிறு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பக்கம் நிறைந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள். பொய் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் யாரோ ஒரு பெரிய ஆளைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது.

ஜூலை 16, புதன்

அம்மாவைப் பார்க்கப் போனேன். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது, 1974இல் அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பினாங்குத் தீவுக்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரைக்கும் ஃபெர்ரியில்தான் அக்கரையிலிருந்து வருவார். சிஃப்ட், ரிஜெக்ட், ஓவர்டைம், லைன் லீடர், இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ்.

பேச்சு சம்பளத்துக்குப் போனது. சம்பா நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்று பெயர் வந்ததாகப் பள்ளியில் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அளம் என்றால் உப்பு. இங்கிலீஷ் சேலரியும் உப்பைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் என்கிறாள் அண்ணன் மகள். மலாய்க்காரர்கள் மாக்கான் காஜி என்கிறார்கள், சம்பளத்தைச் சாப்பிடுவது. ஒருவர் பிழைப்பைக் கெடுத்தால் அவர் சோற்றுப் பானையில் மணலைத் தூவியதாகச் சொல்வார்கள். நாமும் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டான் என்றுதானே சொல்கிறோம்?

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கிலீசு தெரியாமத்தான் 20 வருஷம் வேல செஞ்சேன். என்னக் கொறை சொன்னவங்க யாரும் இல்ல. ஆனா லீடர் மட்டும் கடைசி வரைக்கும் குடுக்கல."

ஜூலை 22, செவ்வாய்

முதல் இன்டர்வியூ. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்கள். பிறந்த ஊர், அப்பா தோட்டத்தில் வேலை செய்தது, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு போனேன். கேட்டவர் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், ஆனால் பேனா நகரவே இல்லை. நம்மைப் பற்றிக் கேட்டால் ஊரும் உறவும்தானே முதலில் வரும்! அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. என்ன வேலை செய்தாய், எதில் கெட்டிக்காரி, இந்த வேலை ஏன் வேண்டும், இதை இரண்டு நிமிஷத்தில் சொல் என்பதுதான். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

பதில் வந்தது. 'கீப் யுவர் ரெசுமே ஆன் ஃபைல்.' பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இன்னொரு விளம்பரத்தில் 'வேர் மெனி ஹேட்ஸ்' என்று இருந்தது. ஒரே ஆள் நாலு பேர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மனு செய்தேன், ஆனால் கூப்பிட்டால் முதலில் வேலை நேரத்தைத்தான் கேட்பேன். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம், முன்பு 48.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டாவது இன்டர்வியூ. இந்த முறை 14 வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். யீல்ட், அதாவது பழுதில்லாமல் தேறுகிற சிப்புகளின் விகிதம், திடீரென்று இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் இன்ஜினியர். உருண்டையின் கோணலை மேசையில் விரலால் வரைந்து காட்டினேன், பாதி மலாய், பாதி இங்கிலீஷ். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்றார். எண்ணியதில்லை என்றேன். அடுத்த வாரம் சொல்கிறார்களாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்து லைன் தங்கச்சியை வீட்டுக்கு வரச் சொன்னேன். வற்புறுத்தி ரிசைன் எழுதி வாங்கியிருந்தால் 60 நாளுக்குள் தொழில்துறை உறவுகள் இலாகாவில் முறையிடலாம். அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு நானும் கூடப் போகிறேன்.

தே கலக்கிக் கொடுத்துவிட்டு அவளுடைய ரெசுமேயைக் கேட்டேன். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். ஆபரேட்டர், 9 வருஷம்.

"எழுத வேற என்னக்கா இருக்கு?"

பேனாவைத் திறந்தேன். "காலையில லைனுக்குள்ள போனதும் மொதல்ல என்ன செய்வ? அதுலருந்து சொல்லு."