பெரியப்பாவின் 1035 மீண்டும் தொளியில் இறங்கியது

பத்தமடைக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் வயல்களைப் பல ஆண்டுகள் உழுதது பெரியப்பாவின் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர். 1980களில் வாங்கியது. மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன், சிவப்பு முகமும் சாம்பல் நிற உடலும் கொண்ட வண்டி. பெரியப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் அது அப்படியே நின்றுவிட்டது. சாய்ப்பின் ஓலை மக்கி விழுந்தது. டயர்கள் வெடித்துத் தரையில் படிந்தன. பழைய இரும்பு எடுப்பவர் வந்து எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா பதிலே சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதை எடைக்குப் போட எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் பாசத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உதிரிபாகம் கிடைக்காத வண்டியில் பணத்தைப் போடுவது வீண். இந்த வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. இதைத் தயாரித்த டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது 1960இல். எஞ்சின், பெர்கின்ஸ் வழியில் வந்த சிம்ப்சன் தயாரிப்பு. அந்த சிம்ப்சனோ 1840இல் சென்னையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய நிறுவனம். இதே குடும்பத்து வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளமாக ஓடியதால் பிஸ்டன், ரிங், பேரிங், கிளட்ச் பிளேட் என்று பெரும்பாலானவை திருநெல்வேலிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பழைய டிராக்டரைச் சரிசெய்ய நினைப்பவர்கள் ஸ்பேனரைத் தொடும் முன்பு கடைக்குப் போய் இதை விசாரித்துவிட வேண்டும்.

வீரவநல்லூரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். வயது எழுபதை நெருங்கியவர். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புகைக்குழாயின் வாயைத்தான் முதலில் பார்த்தார். நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்க்கு மேல் சிரட்டை கவிழ்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். அந்தச் சிரட்டை எப்போதோ விழுந்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பெய்த மழை குழாய் வழியாக இறங்கி, திறந்து நின்ற எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி, சிலிண்டருக்குள்ளேயே போயிருந்தது. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. எஞ்சின் துருவில் இறுகிப் பிடித்திருந்தது.

"தம்பி, யார் வந்து என்ன சொன்னாலும் வேறு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள்" என்றார். துருவோடு ஒட்டிய பிஸ்டனை வலுக்கட்டாயமாக இழுத்தால் ரிங் ஒடியும், கனெக்டிங் ராடு வளையும், சிலிண்டரின் உள் உறையான லைனர் கீறும். கொஞ்சம் செலவில் முடியக்கூடியது முழு எஞ்சின் செலவாகிவிடும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றினோம். ஒவ்வொரு துளை வழியாகவும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, துணியால் அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். எண்ணெய் கீழே இறங்க இறங்க மீண்டும் ஊற்றினோம். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த வழியாகத் தெரியும் ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தின் பற்களில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். முன்னால் தள்ளவில்லை, முதலில் பின்பக்கமாக, மயிரிழை அளவு. அசைந்ததும் நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணெய். அடுத்து முன்னால். இப்படி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்ததில் ஒரு நாள் எஞ்சின் முழுச் சுற்றும் சுற்றியது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்தபடியே வந்து பார்த்தார்.

சுற்றிவிட்டது என்பதற்காக உடனே ஓட்டிப் பார்க்கலாமா? என் தம்பிக்கு அந்த ஆசை இருந்தது. அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றினார். இரண்டு சிலிண்டர்கள் பளபளவென்று இருந்தன. தண்ணீர் நின்ற சிலிண்டரில் மட்டும் துரு வளையமாகத் தின்றிருந்தது, நகத்தால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. மூன்று லைனரையும் சேர்த்தே மாற்றுவது என்று முடிவு செய்தோம். திருநெல்வேலி பேட்டையில் உள்ள போரிங் பட்டறையில் பழைய லைனர்களைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியவற்றை இறக்கி, உட்சுவரை நுட்பமாகத் தேய்த்து ஹோனிங் செய்து கொடுத்தார்கள். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்தபோது தேய்மானம் குறைவாகவே இருந்தது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு கிரைண்டிங் போதும் என்றார்கள். அதற்குரிய சைஸ் பேரிங்கை வாங்கினோம். கடைகளில் 20, 30 சைஸ் பேரிங்குகளும் இருக்கும். கிராங்கைத் தேவைக்கு மேல் ஒரே முறையில் கடைந்துவிட்டால் அடுத்த ரிப்பேருக்கு அதில் சதை இருக்காது. அளவைக் கண்ணால் பார்த்த பிறகே கிரைண்டிங்குக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

புதிய ரிங்குகளை அப்படியே மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் லைனருக்குள் தனியாக இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டும். மாட்டும்போது இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பி வைக்க வேண்டும். அண்ணாச்சி இதற்கு மட்டும் ஒரு முழு மதியத்தை எடுத்துக்கொண்டார். இந்த நிதானத்துக்கு நான் கூலியைக் கணக்குப் பார்க்க மாட்டேன்.

கிளட்ச் பிளேட் துருவில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்ததால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இந்த டிராக்டருக்குத் தாங்கும் இரும்புச் சட்டம் தனியாகக் கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவையே ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து உடலாக நிற்கின்றன. முன் அச்சோ நடுவில் ஒரே முளையில் ஆடக்கூடியது. பிரித்தவுடன் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். அதனால் போல்ட்டைத் தளர்த்தும் முன்பே முன் அச்சுக்கும் எஞ்சினைத் தாங்கும் பகுதிக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கினோம். இந்த ஆப்புகள் இல்லாமல் டிராக்டரைப் பிரிக்கும் பட்டறையில் நிற்கவே நிற்காதீர்கள். எங்கள் வண்டியில் இருப்பது இரட்டை கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுதும் மிதித்தால் பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். இரண்டு பிளேட்டையும் மாற்றினோம். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட்டோம். அது ஒழுகினால் மீண்டும் வண்டியைப் பிரிக்க வேண்டும்.

டீசல் பக்கம்தான் பொறுமையை அதிகம் கேட்டது. டாங்கின் அடியில் கறுப்புச் சேறு. கழற்றி, சுத்தமான சிறு சரளைக்கற்களையும் டீசலையும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். குழாய்களை ஊதிச் சுத்தம் செய்தோம், ஃபில்டர்களை மாற்றினோம். டீசல் பம்பை மட்டும் வீட்டில் திறக்கவில்லை. உள்ளே நகரும் பாகங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியவை. டீசல்தான் அவற்றுக்கு மசகு. டீசலில் தண்ணீர் கலந்து நின்றால் அவை துருவேறி ஒட்டிக்கொள்ளும். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்துவிடும். பம்பையும் இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடையில் கொடுத்தோம். நாஸிலில் இருந்து டீசல் மெல்லிய புகையாகப் பீய்ச்ச வேண்டும். தாரையாக ஒழுகினால் மாற்ற வேண்டும். எங்களுடையவை மூன்றும் ஒழுகின.

கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கியபோது மோர் நிறத்தில் வந்தது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, அந்த வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஃபெர்குசன் வழி டிராக்டரில் ஹைட்ராலிக் பம்ப் உடலுக்குள்ளேயே, அதே ஆயிலில் மூழ்கித்தான் இருக்கிறது. எனவே கியரைக் கெடுக்கும் தண்ணீர் கலப்பையைத் தூக்கும் லிஃப்டையும் கெடுக்கும். டீசல் விட்டு அலசி வடித்துப் புது ஆயில் ஊற்றினோம்.

ரேடியேட்டர் கதை வேறு. முதலில் கொடுத்த பட்டறையில் ஓட்டையைப் பசையால் அடைத்துத் தந்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றியதுமே கசிந்தது. வேறு இடத்தில் கொடுத்து, அடைப்பை நீக்கி, முறையாக ஈயப் பற்று வைத்து வாங்கினோம்.

வயரிங்கில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேக வரிசையை மாற்றும் ஹை-லோ லீவர் நடுவில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்படி ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. யாரோ அதைத் தவிர்த்து நேராக ஒயரைக் கொடுத்திருந்தார்கள். கியரில் இருக்கும் வண்டியைத் தரையில் நின்றபடி ஸ்டார்ட் செய்தால் பின் சக்கரம் ஆளின் மேலேயே ஏறிவிடும். அந்த ஸ்விட்சைத் திரும்பப் பொருத்திய பிறகுதான் அடுத்த வேலையைத் தொடச் சொன்னேன். டயர்களுக்குச் செலவு கையைக் கடித்தது. முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28, நான்கும் புதிது. பெயின்டைக் கடைசிக்குத் தள்ளினோம். முதலிலேயே பெயின்ட் அடித்துவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதல் ஸ்டார்ட் அன்று பெரியம்மா விளக்கேற்றிவிட்டுத்தான் வந்தார். புதிய 20W-40 ஆயில் ஊற்றி, நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றினோம். டீசல் இல்லாமல் எஞ்சின் சும்மா சுற்றும்போதே ஆயில் எல்லாப் பேரிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். பிரஷர் முள் எழுந்ததைப் பார்த்த பிறகு டீசல் பாதையில் சிக்கிய காற்றை எடுத்தோம். ஃபீட் பம்ப்பின் கை லீவரை அடிக்க அடிக்க, ஃபில்டர் திருகில் நுரை வந்து, பிறகு குமிழி இல்லாத டீசல் வந்தது; இறுக்கினோம். அடுத்து பம்ப்பின் திருகு. கடைசியாக இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். இந்த வரிசையை மாற்றினால் காற்று எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடும்.

தம்பியைக் கையில் தட்டைப் பலகையோடு காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார் அண்ணாச்சி. எஞ்சின் வெறிபிடித்து ஓடினால் பலகையால் அந்த வாயை மூடிவிட வேண்டும். காற்று இல்லாமல் அணைந்துவிடும். கையால் மூடக்கூடாது. பலகைக்கு வேலை வரவில்லை. முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் வெடித்தது, வெள்ளைப் புகை தொழுவத்தை நிறைத்தது. பிறகு இரண்டாவது சேர்ந்தது. மூன்றாவதும் பிடித்தபோது அந்தப் பழைய சத்தம் சீராக வந்துவிட்டது. பெரியப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நடு சிலிண்டரில் டாப்பெட் சத்தம் கூடுதலாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்றார். சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்கி வால்வுகளின் டாப்பெட் இடைவெளியை அளந்தபோது, அவர் சொன்ன இடத்தில்தான் இடைவெளி அதிகமாக இருந்தது.

புது ரிங் போட்ட எஞ்சினை வீட்டு வாசலில் வெறுமனே ஓடவிடுவது நல்லதல்ல என்றார் அண்ணாச்சி. மிதமான சுமை கிடைத்தால்தான் ரிங் லைனரோடு நன்றாகப் படியும். அதனால் முதலில் மேட்டு நிலத்தில் கொத்துக் கலப்பை, அதுவும் ஆழம் குறைத்து. சில மணி நேர ஓட்டத்திலேயே எஞ்சின் ஆயிலை மாற்றினோம். வடித்த ஆயிலில் உலோகத் தூளின் மினுமினுப்பு இருந்தது, அடுத்த முறை இல்லை. பதிவுப் புத்தகம் காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 25 கொடுக்க வேண்டும். சேஸிஸ் எண்ணைத் தேய்த்துத் துரு நீக்கி, பென்சில் படி எடுத்துக்கொண்டு போனது உதவியாக இருந்தது.

அணையில் தண்ணீர் திறந்து கால்வாயில் வந்ததும் பிசானப் பருவ நெல்லுக்குத் தொளி உழவு, அதாவது சேற்று உழவு. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இறக்கினோம். எங்கள் வயல் களிமண். கனமான புது வண்டிகள் சில இடங்களில் புதைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 1035 எடை குறைந்த வண்டி. சேற்றைக் கலக்கிக்கொண்டு, வரப்போரம் வரை போய்த் திரும்பியது. புகையில் கறுப்பு இல்லை, சூட்டு முள் பச்சையைத் தாண்டவில்லை. பக்கத்து வயல்காரர் தன் வயலையும் உழுது தரச் சொல்லிக் கேட்டார், உழுது கொடுத்தோம்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்தினால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கன்ட்ரோல் வால்வு கசியலாம். மேல் மூடியைத் திறந்தால்தான் தெரியும். அதற்கான ரிங்கும் பேக்கிங்கும் வாங்கி வைத்தாயிற்று. மாசியில் அறுவடை முடிந்ததும் வருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.