விடுபட்ட மூச்சு

“சிக்னல் யார் கொடுப்பது?” இங்கிலாந்திலிருந்து வந்த ஆடிட்டர் கேட்டது அவ்வளவுதான். தொழிற்சாலையில் டை என்ற அச்சைத் தூக்கி வைக்கும் இருவரில் மூத்தவர் ஜப்பானியத்தில் சொன்னார்: “யாரும் இல்லை. அவுன் நோ கொக்கியூ.” மொழிபெயர்ப்பாளரான நான் அதை ‘சொல்லாமலே வரும் புரிதல்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அறிக்கையில் அது ‘வரையறுத்த நடைமுறை இல்லை’ என்று ஏறியது.

ஆறு மாதம் ஆகிறது. அந்தச் சில விநாடிகளை விட்டு என்னால் வர முடியவில்லை.

நான் சொன்னது பிழையில்லை. அகராதியும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அன்று மாலை அந்தப் பெரியவர், “அவரிடம் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “புரிதல் இல்லையே, மூச்சுதானே?” என்றார். குரலில் கோபம் இல்லை.

கொக்கியூ என்றால் மூச்சு. ‘அ’ என்று வாய் திறப்பதும் ‘உன்’ என்று மூடுவதும்தான் அவுன். ஜப்பானின் நாராவில் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில், 1203இல் சிற்பிகள் உன்கேயும் கைகேயும் தங்கள் குழுவோடு செதுக்கிய காவலர்களில் ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். சுமோவிலும் விசில் கிடையாது. மல்லர் இருவரின் மூச்சும் பொருந்தும்போது பாய்கிறார்கள். டை தூக்குவதும் அப்படித்தான். பெரியவரின் தோள் சற்றே ஏறும், எதிரில் நிற்பவரின் தோளும் ஏறும், டை எழும்.

‘சேர்ந்து மூச்சு விடுகிறார்கள்’ என்றே சொல்லியிருக்கலாமா? ஆங்கிலத்தில் மூச்சு அவரவர் கையிருப்பு. வீணாக்காதே, மிச்சம் பிடி என்பார்கள். சேர்ந்து மூச்சுவிடுவதைக் குறித்த லத்தீன் சொல் அங்கே ‘கான்ஸ்பயர்’, சதி செய்வது. சாகும்போதும் ‘எக்ஸ்பயர்’ மூச்சை வெளியே விடுகிறது. ஜப்பானியத்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் நாலு சொற்றொடரை வைத்து ஒரு நாட்டின் மனசை அளப்பது எனக்கு ஒப்பாது.

சந்தேகம் என் தமிழ் மேல்தான். ‘மூச்சு விடாதே’ என்றால் நமக்கு ‘யாரிடமும் சொல்லாதே’. மூச்சு என்றதும் என் காது பேச்சைத் தேடியிருக்கிறது. பேச்சு இல்லை என்றதும் ‘சொல்லாமலே’ என்று வாய் முந்திக்கொண்டது.

ஆடிட்டர் கேட்டதும் நியாயம். பழகாத ஆள் நின்றால் விரல் நசுங்கும். பெரியவரும் அதை மறுக்கவில்லை. புதிய நடைமுறைத் தாளை ஜப்பானியத்தில் எழுதியதும் நான்தான். படித்துவிட்டு முத்திரை வைத்தார். இப்போது “சே நோ” என்று, நம் ‘ஏலேலோ’ போல, சேர்ந்து தூக்கக் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் வருவதற்குள் எதிரில் நிற்பவரின் தோள் ஏறிவிடுகிறது.